கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள்

என் மருமகளைப் பெற்றவளே, என் பேத்தியின் இன்னொரு ஆயாவே, செவ்வாப்பேட்டை லூர்துமேரி,

உன்னை அடக்கம் செய்த அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்று நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்கு மறதி கிடையாது என்பது உனக்குத் தெரியும். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

தலைமாட்டில் உன் மகள் ஸ்டெல்லா. கால்மாட்டில் உன் மருமகன், அதாவது என் மகன் சேகர். உன் அண்ணன் சூசை மீஞ்சூரிலிருந்து மழையில் நனைந்துகொண்டே வந்தார். உன் நாத்தனார் பிலோமினா வந்தாள். வந்தவள் அழுவதற்கு முன்னால் ஃபேனுக்கு நேராக ஒரு நாற்காலி தேடினாள். கேன்டீனில் உன்னோடு வேலை பார்த்த வசந்தா ஷிஃப்ட் முடிந்த கையோடு யூனிஃபார்மிலேயே வந்தாள். எதிர்வீட்டு ஜெயா, உன்னிடம் வாங்கிய இட்லிக் குண்டானைத் திருப்பிக் கொடுக்காதவள், துக்க வீட்டுக்கு அதே குண்டானில் இட்லி கொண்டுவந்தாள். மாதா கோயில் பாதர் குடையோடு வந்தார். என் மடியில் மல்லிகா. உனக்கு அவள் ஜாஸ்மின்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலிருந்து நான்கு ஆண்கள் வந்தார்கள். அவர்கள் பேர், ஊர், வேலை எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் சொல்ல மாட்டேன். அங்கே பார்த்ததை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். ஒருவர் பேரைத் தெரிந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத்தான் தெரியும்.

இன்னும் ஒருவன் இருந்தான். அவன் பேரை இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதுகிறேன்.

கல்லறைத் திருநாள் வருகிறது. இறந்துபோனவர்களைப் பற்றி வீட்டார் எழுதிக் கொடுத்தால் கோயிலில் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்களாம். பாதர் ஸ்டெல்லாவைக் கேட்டார். நான் எழுதுகிறேன் என்றேன். "நீங்களா அத்தே?" என்றாள். ஏன், நான் மூன்றாம் வகுப்பு வரை போனவள்தானே? எழுத்துப் பிழையை அவள் திருத்துகிறாள். எழுத்தில் கை வை, விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். திருத்துகிறவள் நடுநடுவே எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருகிறாள்.

உயிரோடு இருந்தவரை உன்னை வாங்க, போங்க என்றுதான் பேசினேன். நீயும் அப்படித்தான். சம்பந்திகள் என்றால் மரியாதையாகச் சண்டை போட வேண்டும் என்று நமக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இப்போது நீ என்று எழுதுகிறேன். இதை முன்னாலேயே செய்திருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்?

நம் பகை கல்யாணத்தில் ஆரம்பித்தது. காலையில் கோயிலில் தாலி, சாயங்காலம் மாதா கோயிலில் ஆசீர்வாதம், ராத்திரி உங்கள் பக்கத்துப் பிரியாணி. என் வரிசைக்கு வரும்போது தொட்டுக்கொள்ளும் தாள்சா தீர்ந்துபோனது. வெறும் பிரியாணியை வைத்தார்கள். அதை நான் எத்தனை வருஷம் சொல்லிக்காட்டினேன்! அப்புறம் குழந்தை பிறந்தது. நீ ஜாஸ்மின் என்றாய். என் வீட்டு முதல் பேத்திக்கு வெள்ளைக்காரி பேரா என்று நான் மல்லிகா என்றேன். இரண்டும் ஒரே பூதான் என்று ஸ்டெல்லா சொன்னபோது நாம் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவள் மட்டும்தான் சிரித்தாள்.

நான் குடிப்பவள் என்பது பெண் கொடுக்கும்போது உனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நீ அதை ஊரில் சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

நாற்று நடப் போன காலத்தில் உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்தது. பிறகு நிலமெல்லாம் கம்பெனியானது. காக்களூர் எஸ்டேட்டில் பெருக்கித் துடைக்கப் போனேன். வேலை மாறியது, இடுப்பு வலி மாறவில்லை. அப்புறம் வலி இல்லாத நாளிலும் குடித்தேன். சேகர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் கையில் கயிறு கட்டிவிட்டான். கயிறு இருந்தவரை குடிக்காமல் இருந்தேன். கயிற்றை அவிழ்க்கிற நாளைத் திருவிழா மாதிரி எதிர்பார்த்துக்கொண்டும் இருந்தேன். ஒரு பொம்பளை கடைக்குப் போய் வரிசையில் நிற்க முடியுமா? அதற்கு ஓர் ஆள் இருந்தான். என் காசில் வாங்கி வந்து, பாதியை அவன் ஊற்றிக்கொண்டு, மீதியை எனக்குக் கொடுப்பான். கடைசியில் பேர் சொல்கிறேன் என்றேனே, அவன்தான்.

ஸ்டெல்லா கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு, கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். குழந்தை என்னிடம். அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு மத்தியானம் கேட் திறந்து கிடந்திருக்கிறது. லாரி போகிற ரோட்டின் நடுவில் குழந்தை உட்கார்ந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள். தண்ணீர் கேன் போடும் ஆள் டெம்போவை நிறுத்தி, தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதையெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொன்னார்கள். பிலோமினா என் மகன் கல்யாணத்தில் என்ன புடவை கட்டியிருந்தாள், அதன் பார்டர் என்ன நிறம் என்று கேள், இப்போதே சொல்கிறேன். அந்த மத்தியானம் மட்டும் எனக்கு ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தாலும் அங்கே ஒன்றுமே இல்லை.

ஸ்டெல்லா அன்று சாயங்காலமே குழந்தையின் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நீ கேன்டீன் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாய். சேகர் என்னோடு இருந்தான். சோறு வாங்கிவந்து வைப்பான். ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க விருந்தாளி மாதிரி செவ்வாப்பேட்டைக்குப் போய்விட்டு வருவான். என் குடியால் ஒரு குடும்பம் இரண்டு ஊரில் கிடந்தது.

ஒரு நாள் நீ வந்தாய். திட்ட வந்திருக்கிறாய் என்று நினைத்து, பதிலுக்குத் தாள்சாவைத் தயாராக வைத்திருந்தேன். நீ உள்ளே வந்து, கீழே உட்கார்ந்து, விசிறிக்கொண்டே பேசினாய்.

"சம்மந்தி, உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். நான் கோயில் பின்னாடி ரூமைப் பெருக்குறேன் இல்ல, அங்க ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆம்பளைங்க கொஞ்சம் பேரு வந்து குந்திக்கினு பேசிக்கினு கீறாங்க. எல்லாம் முன்னாடி குடிச்சிக்கினு இருந்தவங்களாம். நான் ஒண்ணு பாத்தேன். டீ குடிச்ச டம்ளரை அவங்கவங்களே கழுவி, கவுத்து வச்சிட்டுப் போறாங்க. நம்ம ஊருல எந்த ஆம்பள இதப் பண்றான்? அங்க இன்னாமோ நடக்குது. ஒருவாட்டி வந்து பாருங்க."

பொம்பளைங்க யாராவது இருக்காங்களா என்று கேட்டேன்.

"இல்ல. நீங்க வந்தா கீறாங்க" என்றாய்.

நான் நம்பவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோயில் பின்னாடி என்று சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சேகரை முழுக்க உங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தாய், அவன் வரவில்லை, இப்போது என் குடியைச் சாக்காக வைத்து என் தலையில் தண்ணீர் ஊற்றி, எனக்கு ஏதாவது மேரி என்று பேர் வைக்கப் போகிறாய் என்றே நினைத்தேன். ஆனாலும் கிளம்பினேன். குழந்தையைப் பார்த்துப் பல நாளாகிவிட்டது; கூட்டத்துக்கு வந்தால் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்று நீ சொல்லியிருந்தாய்.

திருவள்ளூரில் ரயில் ஏறினோம். புட்லூர் வந்ததும் நான் இறங்கிவிட்டேன். நீ பதறிப்போய்ப் பின்னாலேயே இறங்கினாய். அம்மனைப் பார்க்காமல் வர மாட்டேன் என்றேன். கோயிலுக்கு வெளியே, முக்காடு போட்டுக்கொண்டு, என் செருப்புக்குப் பக்கத்தில் நின்றாய். நான் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு, அம்மன் மேல் வைத்து எடுத்த எலுமிச்சம்பழத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தேன். என்னைப் பார்த்து, "சண்டைக்குப் போற மாதிரி கீது" என்றாய். ஆமாம் என்றேன்.

அது குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாடம் நடத்துகிற அறை. சுவரில் மாதா படம், அதற்குக் கீழே பிள்ளைகள் கிரயானில் வரைந்த ஆட்டுக்குட்டிகள். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். தண்ணீர்ச் சொம்பு எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்த்தேன். சொம்பு இல்லை. பாதரும் இல்லை. ஒருத்தர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். ஒருத்தர் தொப்பி போட்ட ஆட்டோக்கார பாய். ஒருத்தர் இரும்பு உருக்கி ஊற்றுகிற வார்ப்படக் கம்பெனியில் வேலை செய்கிறவர், கையெல்லாம் நெருப்புப் பட்ட தழும்பு. டீ கொடுத்தார்கள். அதில் ஏதாவது மந்திரித்துக் கலந்திருப்பார்கள் என்று நான் வாயில் வைக்கவில்லை.

"யாருக்காக வந்திருக்கீங்கம்மா?" என்று வார்ப்படக்காரர் கேட்டார்.

"எம் பையனுக்காக" என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் மருமகன் சோடா குடித்தாலே தும்முகிறவன் என்பது உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் ஜெபமாலையைக் கையில் எடுத்து உருட்ட ஆரம்பித்தாய். அன்று என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் மறுபடி அந்த அறைப்பக்கம் வந்திருக்க மாட்டேன். உனக்கு நான் சொல்லும் முதல் நன்றி அந்த வாய் மூடலுக்குத்தான்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி ஆரம்பிக்கிறார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. ஆட்டோக்கார பாய் சொன்னது மட்டும் போதும், மற்றதை நான் எழுதக் கூடாது. இதை எழுதிக்கொள்ள அவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன். "காலைல எழுந்ததும் ஊட்ல எல்லார் மூஞ்சியையும் பாப்பேன். நேத்து நான் இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரியாது. அவங்க மூஞ்சியப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும்" என்றார்.

லூர்து, அந்த மத்தியானம் எனக்குள் வெறுமையாக இருந்ததே, அந்த இடத்தில் யாரோ விளக்கு போட்ட மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் இல்லையா இது? இந்த பாய்க்குமா?

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் வெளியே குழாயடிக்குப் போனார்கள். நீ சொன்னபடியே அவரவர் டம்ளரை அவரவர் கழுவி, திண்டின் மேல் கவிழ்த்தார்கள். என் கையில் டீ ஆறிப்போய் முழுசாக இருந்தது. குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிட்டுக் கழுவினேன். ஜன்னல் வழியே நீ சிரித்ததைப் பார்த்தேன். அதையும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு வாராவாரம் போனேன். சேகர்தான் பைக்கில் கொண்டுவந்து ஸ்டேஷனில் விடுவான். அந்த நல்ல மனுஷர்கள் அத்தனை பேரும், குடிக்கவே குடிக்காத என் மகனுக்காக வேண்டிக்கொண்டார்கள். பையன் எப்படி இருக்கான் என்று கேட்பார்கள். கொஞ்சம் தேவலை என்பேன். நான் அப்போது குடியைக் குறைத்துக்கொண்டிருந்தேன், நிறுத்தவில்லை. அதனால் அது பொய்யாகவும் தெரியவில்லை எனக்கு.

ஒரு நாள் காக்களூர் டீக்கடையில் வார்ப்படக்காரர் சேகரைப் பார்த்துவிட்டார். ஸ்டேஷனில் என்னை இறக்கிவிட்ட முகம் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. டீ சொல்லி, போண்டா வாங்கிக் கொடுத்து, தோளில் கை போட்டு, "தம்பி, நானும் உன்ன மாதிரிதான் இருந்தேன். வெக்கப்படாத. உங்கம்மா உனக்கோசரம் எவ்ளோ தூரம் வராங்க, நீ ஒரு நாள் வா" என்று சொல்லியிருக்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் கேட்டுவிட்டார்கள். "இன்னா சேகரு, எங்களுக்குத் தெரியாம எப்ப நைனா ஆரம்பிச்ச?" என்று ஷிஃப்ட் முழுக்கக் கிண்டல்.

சேகர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலேயே வாசலில் நின்றான். நான் என்ன பொய் சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். கத்துவான் என்று காத்திருந்தேன். அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"யம்மா, நான்தான் குடிகாரன்னு அவங்க நெனச்சிக்கினா நெனச்சிக்கட்டும். ஓணும்னா நானே வந்து உக்காந்து ஆமான்னு சொல்றேன். நீ போறத மட்டும் நிறுத்தாத."

பத்து மாதம் சுமந்து பெற்றேன் என்று அவனிடம் எத்தனை தரம் சொல்லிக்காட்டியிருப்பேன். அன்று அவன் என்னைச் சுமக்கிறேன் என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ, நான், சேகர் மூன்று பேரும் போனோம். சேகரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வார்ப்படக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. என் முறை வந்தது. எழுந்தேன்.

"எம் பேரு பச்சையம்மா. எம் பையன் குடிக்க மாட்டான். குடிக்கிறது நான்தான்."

வார்ப்படக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே, இந்தப் புள்ளைக்குப் போண்டால்லாம் வாங்கிக் குடுத்துப் பேஜார் பண்ணிட்டனே" என்றார். முதலில் சிரித்தவன் சேகர். அப்புறம் பாய். அப்புறம் எல்லோரும். சிரித்து ஓய்ந்த பிறகு, வழக்கப்படி, எல்லோரும் சேர்ந்து, "வணக்கம் பச்சையம்மா" என்றார்கள். இத்தனை வருஷத்தில் என் பேரை இவ்வளவு பேர் சேர்ந்து மரியாதையாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

வெளியே வந்ததும், இடுப்பிலிருந்த பழைய எலுமிச்சம்பழம் எங்கே என்று கேட்டாய். அதை எப்போதோ ஊறுகாயில் போட்டுவிட்டேன் என்றேன்.

அன்றிலிருந்து இன்றுவரை நான் குடிக்கவில்லை. சும்மா நின்றுவிடவில்லை அது. கை நடுங்கியது, தூக்கம் போனது, டாக்டரிடம் போய் மாத்திரை சாப்பிட்டேன், எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஸ்டெல்லா உடனே குழந்தையைக் கொடுத்துவிடவும் இல்லை. அது சரிதான். முதலில் அவள் பக்கத்தில் இருக்கும்போது மடியில் விட்டாள். அப்புறம் அடுப்படிக்குப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் கடைக்குப் போய் வந்தாள். ஒரு நாள் காலையில், காக்களூரில் நம் வீட்டு வாசலில் நின்று, குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, "பஸ் வந்துடும் அத்தே, நான் கெளம்புறேன்" என்று திரும்பிப் பார்க்காமல் போனாள். திரும்பிப் பார்க்காமல் போனாளே, அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கும் உனக்கும்தான் தெரியும்.

அதற்குப் பிறகுதானே நீ படுத்தாய். வயிற்றில் கட்டி. வாயுத்தொல்லை என்று சொல்லிச் சொல்லி எங்களை ஏமாற்றியிருக்கிறாய். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலோரம் உட்கார்ந்து கோபமாகக் கேட்டேன், எப்போதிலிருந்து தெரியும் என்று.

"புட்லூர்ல எறங்கி எலுமிச்சம்பழம் வாங்கினீங்களே, அதுக்கு முன்னாடியே" என்றாய்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. "அப்ப எனக்கோசரம் இல்ல. புள்ளைக்கோசரம்தான் என்னை இட்டுக்கினு போனீங்களா?"

"பின்ன இன்னா, உங்க அழகுக்கா?" என்றாய். சிரிக்கக்கூட உன்னிடம் பலமில்லை, ஆனாலும் சிரித்தாய். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கப்புறம் அதுக்கு ஆயா ஓணும் இல்ல சம்மந்தி" என்றாய்.

அதைச் சொல்லாமல் மறைத்ததற்காக உன் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் யோசித்துப் பார்க்கிறேன். சாகப் போகிறவள் எனக்கு இரக்கம் காட்டி அழைத்திருந்தால் நான் வந்திருப்பேனா? குழந்தையைக் காட்டி அழைத்தாய், வந்தேன். என்னை இவ்வளவு சரியாக அறிந்தவர் வேறு யார்?

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையிலிருந்து மழை. பந்தல் ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கள் கூட்டத்து நான்கு பேரும் வந்து உனக்கு மாலை போட்டுவிட்டுப் போய்விடவில்லை. அடுப்படிக்குப் பின்னால் போய் டீ போட ஆரம்பித்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்து, டம்ளரைத் திரும்ப வாங்கி, மழையில் நின்று கழுவிக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார்கள். பிலோமினா என்னிடம் வந்து, சமையல் கான்ட்ராக்ட் ஆட்களா, எவ்வளவுக்குப் பேசினீர்கள் என்று கேட்டாள். என் சொந்தக்காரர்கள் என்றேன். தொப்பி போட்டவருமா என்றாள். ஆமாம் என்றேன்.

துக்க வீடு என்றால் பின்பக்கம் பாட்டில் திறக்கத்தான் செய்வார்கள். குழி வெட்டுகிறவர்களுக்கு, பேண்டு வாசிக்கிறவர்களுக்கு என்று சொல்லி எல்லோரும் குடிப்பார்கள். தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து அந்த வாசனை காற்றில் வந்துகொண்டேதான் இருந்தது. நான் உன் பக்கத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். மல்லிகா என் மடியில் தூங்கி எழுந்தாள்.

அப்போது அவன் வந்தான். முன்பு எனக்குக் கடையிலிருந்து வாங்கி வந்து தந்தவன். நான் நிறுத்தியதிலிருந்து அவனுக்கு என் வீட்டில் வேலையில்லாமல் போயிருந்தது. கையில் ஒரு டம்ளர் நிறையக் கறுப்புக் கலர் சோடா. "காலைலேந்து ஒண்ணும் சாப்பிடல நீ. கலராவது குடி" என்றான். அக்கறையாகச் சொன்னான். வாங்கிக்கொண்டேன்.

மல்லிகா நிமிர்ந்து பார்த்தாள். "ஆயா, எனக்கு" என்றாள்.

குழந்தை கேட்டால் யார்தான் தான் முதலில் குடிப்பார்கள்? டம்ளரை அவள் வாயருகே கொண்டுபோனேன். அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துவிட்டாள். நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தையின் வாய் டம்ளரைத் தொடப் போவதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல், இளித்துக்கொண்டிருந்தான். அந்த இளிப்பைப் பார்த்துத்தான் நான் டம்ளரை இழுத்து மோந்தேன்.

இத்தனை வருஷம் குடித்த மூக்கு. கலரில் கலந்திருந்தது எந்தச் சரக்கு என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு வாய்தான். துக்கத்துக்குக் குடிக்கிறது கணக்குல வராது" என்றான்.

நான் கத்தவில்லை. உன் சாவு வீட்டில் என் குரல் கேட்கக் கூடாது என்று இருந்தேன். குழந்தையை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் பின்னால் போனேன். என்னைப் பார்த்ததும் வார்ப்படக்காரர் நகர்ந்து குழாயடியில் இடம் விட்டார். ஊற்றினேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். கவிழ்த்தேன். அப்புறம் அங்கேயே நின்று, உன்னைத் தூக்கும்வரை வந்த டம்ளர்களையெல்லாம் அவர்களோடு சேர்ந்து நானும் கழுவினேன். அழுததும் அங்கேதான். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

ஊர்ச் செய்தி சொல்லட்டுமா? ஸ்டெல்லாவும் சேகரும் நம் வீட்டில் ஒன்றாக இருக்கிறார்கள். மல்லிகா பால்வாடிக்குப் போகிறாள். அங்கே பேர் கேட்டால் ஜாஸ்மின் என்கிறாளாம், துரோகி. ஜெயா உன் குண்டானை ஒரு வழியாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அதில்தான் இப்போது இட்லி ஊற்றுகிறேன். போன மாதம் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்தாள். முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு, வீட்டுக்காரருக்காக வந்தேன் என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, டீ வாங்கிக் கொடுத்து, உன்னை மாதிரி வாயை மூடிக்கொண்டேன். அவள் டீயைத் தொடவில்லை. அடுத்த வாரம் மறுபடி வந்தாள்.

மனசில் கோபத்தை வைத்துக்கொண்டிருந்தால் அது ஒரு நாள் பாட்டிலைத் தேடிப் போக வைக்கும் என்று கூட்டத்தில் சொல்கிறார்கள். சரி என்று ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். பிலோமினாவை விட்டுவிட்டேன். ஜெயாவை விட்டுவிட்டேன். நாற்று நட்ட காலத்தில் முதல் வாய் ஊற்றிக்கொடுத்த என் மாமியாரைக்கூட, அவளுக்கும் இடுப்பு வலித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். தாள்சாவை மன்னித்துவிட்டேன் லூர்து. முழுசாக.

இப்போது என் வாக்கு. நாளைக்கும் அதற்கு அடுத்த நாளைக்கும் சேர்த்துச் சத்தியம் செய்ய மாட்டேன். கயிறு கட்டிச் சத்தியம் செய்து பார்த்தவள் நான். ஒவ்வொரு நாள் காலையிலும் ஸ்டெல்லா திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறும்படி இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை புட்லூரில் அம்மனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு அந்த அறைக்குப் போவேன். கல்லறைத் திருநாளுக்கு மல்லிகாவின் கையால் உனக்கு மெழுகுவத்தி ஏற்றுவேன். அவள் பெரியவளாகி, லூர்து ஆயா என்ன செய்தாள் என்று கேட்டால், ஒன்று விடாமல் சொல்வேன். அந்த மத்தியானத்தையும் சேர்த்து.

கடைசியில் சொல்கிறேன் என்ற பேர் பாக்கி இருக்கிறது. புத்தகத்தில் வேண்டாம் என்று பாதர் சொல்வார். அதையும் இறக்கி வை பச்சையம்மா என்று வார்ப்படக்காரர் சொல்லிப் பார்த்துவிட்டார். எனக்கு ஊற்றிக் கொடுத்ததற்கு என்றால் எப்போதோ விட்டிருப்பேன். நானும்தானே கை நீட்டினேன். ஆனால் நீ சாகிற உடம்போடு அலைந்து என் கையில் கொண்டுவந்து சேர்த்த குழந்தையின் வாய்க்கு அந்த டம்ளர் போனபோது அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அதை மன்னிக்க மாட்டேன். அவன் பேர் துரைக்கண்ணு. என் கூடப் பிறந்த தம்பி.

இப்படிக்கு,
உன் ஜாஸ்மினுக்கு மிச்சமிருக்கும் ஆயா,
உன் சம்பந்தி பச்சையம்மா